இரண்டு நிறத்தில் பால்

ரந்தாவ்
4 மார்ச் 2024

புனிதா,

இந்தத் தாளைப் பால் பெட்டியின் அடியில் ஒட்டி அனுப்புகிறேன். கொண்டு வரும் உன் மாமா பார்த்தாலும் கவலையில்லை. மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழில் தன் பெயரையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். போனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போடு என்பார் அவரைப் பெற்ற அத்தை. வாட்ஸ்அப் அனுப்பலாம் என்றால் அதுவும் உன் மாமா போன்தான். என்னுடையது உடைந்து கிடக்கிறது. எனக்கென்று இந்த வீட்டில் மிச்சமிருப்பது தமிழ் எழுத்து மட்டும்தான்.

நேற்று நீ கத்தியதை எல்லாரும் கேட்டார்கள். "பெத்துப் போட்டுட்டு அங்க படுத்துக் கெடக்கிறியே, நீயெல்லாம் என்ன தாய்? பாலாவது ஒழுங்கா அனுப்பு. அதுவும் இல்லன்னா அவனுக்கு நீ எதுக்கு?" என்றாய். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உன் மாமா எழுந்து வெளியே போனார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள். பிரஷர் ஏறி, வயிற்றைக் கிழித்து, ஏழாம் மாதத்திலேயே அவனை எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் என்னைத் தள்ளிப்போகும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, அதுதான் என்றார்கள். நான் பார்த்தது அவன் கால் ஒன்றை. அவ்வளவுதான். நாலு நாள் கழித்துப் படுக்கை வேண்டும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை அங்கே, நான் இங்கே. இங்கிருந்து ரோட்டுக்குப் போகவே செம்பனைத் தோட்டத்துக்குள் மூன்று மைல் செம்மண் பாதை. கார் இல்லை. பஸ் நின்று பல வருஷம். மோட்டார் சைக்கிளில் ஏறினால் தையல் பிரியும். பிரியாவிட்டாலும் முப்பது நாள் முடியாத பச்சை உடம்பை அத்தை வாசல் தாண்ட விடமாட்டார். அவரும் கொடுமைக்காரி இல்லை. அவருக்கு முதல் பிள்ளை பிறந்தபோது இரண்டாம் வாரமே மருந்தடிக்கும் வேலைக்குப் போய், ஜன்னி கண்டு பிழைத்தவர். அவர் பயம் அவருக்கு.

நீ குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கத்தானே ஆறு மாதப் பயிற்சி எடுக்கிறாய்? பிறகு ஏன் என் பிள்ளையை வேறு யாரோ பார்க்கிறார்கள்? பால் பெட்டியைக் கூட நீ வாங்குவதில்லையாம், உன் மாமா சொன்னார். உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?

மோகனா


தாதியர் விடுதி
5 மார்ச் 2024

அக்கா,

தாளை எடுத்தேன். இனி பெட்டியை நானே வாங்குகிறேன்.

நான் கத்தியது தப்பு. அன்றைக்கு இரட்டை ஷிப்ட் முடிந்து, உன் பிள்ளைக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்த ஒரு பெண் குழந்தையைத் துணியில் சுற்றி அனுப்பிவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் உன்னைத் திட்டினேன்.

சொந்தக்காரக் குழந்தையைத் தொடக் கூடாது என்பது இங்கே விதி. கை நடுங்கும் என்பதால். அதனால் என்னை வார்டின் அடுத்த மூலையில் போட்டிருக்கிறார்கள். ஆனால் இடைவேளையில் போய் நிற்கிறேன். அவன் எப்படி இருக்கிறான் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் கனம். தோலுக்குள்ளே ஓடும் நரம்பு தெரிகிறது. மூக்கில் காற்றுக் குழாய், வாய் வழியாக வயிற்றுக்குப் பால் குழாய். நெற்றியைச் சுருக்கினால் அப்படியே மாமாதான்.

எங்களுக்குப் பாடம் எடுப்பவர் சிஸ்டர் பாலேஸ்வரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், திருத்தமாகப் பேசுவார், சிரிக்க மாட்டார். முதல் வாரம் எங்கள் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டி வெடுக்கென்று உரித்தார். ஒருத்தி கத்தினாள். "உனக்குத் தோல் தடிப்பு, கத்தவும் வாய் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை," என்றார். பிறகு கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, காதுக்குப் பக்கத்தில் தகர மூடியைத் தட்டினார். நாங்கள் பெட்டிக் கதவை மூடும் சத்தம் அவர்களுக்கு அப்படித்தான் கேட்குமாம். விரலை எப்படி விரிக்கிறான், எப்போது கொட்டாவி விடுகிறான், எந்த நிறத்துக்கு மாறுகிறான், எல்லாவற்றையும் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். நல்ல பாடம்தான். ஒரு தாதிக்கு இரண்டு குழந்தை என்று வைத்துக்கொண்டு எழுதிய பாடம். எனக்கு நேற்று ஐந்து. ஐந்து பேர் விரல் விரிப்பதை நான் எந்தக் கண்ணால் படிப்பது? பயிற்சித் தாதி என்பது, சம்பளப் பட்டியலில் இல்லாத வேலைக்காரிக்கு வைத்த பேர்.

ஒன்று மட்டும் உண்மை அக்கா. அவனுக்கு இப்போது தாய்ப்பால்தான் மருந்து. இந்த வயதில் குடல் ஈரத் தாள் மாதிரி. டின் பால் போனால் வீங்கி அழுகும் ஆபத்து அதிகம். நீ அனுப்பும் பாலை ஊசிக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். நாளுக்கு நாள் அளவைக் கூட்டுவார்கள். அதனால் நீயும் கூட்ட வேண்டும். தயவுசெய்து.

புனிதா


ரந்தாவ்
7 மார்ச் 2024

புனிதா,

பால் அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு நிறைய. பெட்டி மூடவே இல்லை, உன் மாமா கயிறு போட்டுக் கட்டினார்.

நீ எழுதியதைப் படித்தேன். பக்கத்துப் பெட்டிப் பெண் குழந்தையை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அதன் அம்மா பால் அனுப்பினாளா இல்லையா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

அத்தை சுறாப்புட்டு செய்து தருகிறார், பூண்டை வதக்கிப் போடுகிறார். தண்ணீர் மட்டும் அரை கிளாஸ். "பச்சை ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு பானையா போயிரும்," என்று ஜக்கைத் தூக்கி அலமாரி மேல் வைத்திருக்கிறார். அதை எடுக்கக் கையைத் தூக்கினால் தையல் இழுக்கிறது. சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? செனாவாங் ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்று சிப் பொருத்தியவளுக்கு ஒரு தண்ணீர் ஜக் எட்டவில்லை.

பகலில் வீட்டில் யாரும் இல்லை. அத்தை மதியம் கோவில் கூட்டப் போய்விடுவார். பின்பக்கக் கொங்சிக் கொட்டகையிலிருந்து சுமியாத்தி வருவாள். உனக்குத் தெரியும், உதிரிப் பழம் பொறுக்கும் இந்தோனேசியப் பெண். போன தீபாவளிக்கு நீ வந்தபோது நிறைமாதமாக முறுக்குக் கேட்டு வாங்கித் தின்றாளே. அவள் பையன் பாயுவுக்கு இப்போது நாலு மாதம் ஆகப்போகிறது. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அவனைத் தூக்கவே பயமாக இருக்கிறது, அவ்வளவு கனம். அவனை என் மடியில் போட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவித் தருகிறாள்.

பிள்ளை எடை கூடியதா என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மோகனா


தாதியர் விடுதி
9 மார்ச் 2024

அக்கா,

எடை கூடியிருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் கூடியிருக்கிறது. காற்றின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், தாங்கினான்.

நேற்று சிஸ்டர் பாலேஸ்வரி உன் பால் பாட்டில்களை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "ஒப்பரேஷன் செய்த உடம்பு, தோட்டத்தில கிடக்கு, பிள்ளையைக் கண்ணால காணவும் இல்லை. இவ்வளவு பால் அனுப்புது. தாய்மாருக்கு இயலாது எண்டு இனி ஆரும் எனக்குச் சொல்லக் கூடாது," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதுவது உனக்குப் பிடிக்காது.

மதியம் குளிர்பெட்டியில் பாட்டில்களை அடுக்கும் வேலை எனக்கு வந்தது. பாலைப் பார்க்கவும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். குறைமாதத்தில் பெற்றவள் பால் இந்த வாரங்களில் மஞ்சள் கலந்து கெட்டியாக இருக்கும். நாலைந்து மாதம் கொடுத்தவள் பால் வெளுத்து, ஓரத்தில் நீலம் தட்டும். உன் பெயர் எழுதிய பாட்டில்களில் ஒன்றிரண்டு மஞ்சள். மற்றதெல்லாம் நீலம். ஒரே நாளில் ஒரே உடம்பு இரண்டு நிறத்தில் பால் கொடுக்காது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் உன்னைக் கேட்கிறேன். அந்த வெள்ளைப் பால் யாருடையது?

புனிதா


ரந்தாவ்
10 மார்ச் 2024

புனிதா,

யாருடையது என்று உனக்குத் தெரிந்துதான் கேட்கிறாய்.

எனக்குப் பால் வற்றிவிட்டது. நீ போன ஞாயிற்றுக்கிழமை கத்தினாயே, அதற்கு மறுநாளிலிருந்து. பம்பை வைத்து இழுத்தால் மார் சிவந்து எரிகிறது, பாட்டில் அடி மட்டும்தான் நனைகிறது. அழுதேன். சுமியாத்தி பின்வாசலில் நின்று பார்த்தாள். கையைக் கழுவினாள், பம்பை என் கையிலிருந்து வாங்கினாள், அடுப்புக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். பேசி முடிக்கும் நேரத்தில் பாட்டில் நிறைந்தது. "எனக்கு வழியிது, கக்கா. பாயு குடிச்சும் சட்டை நனையிது," என்று மலாயில் சொன்னாள். அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், அவள் ஊர் வாயில் அது அப்படி வரும்.

இந்த லயன் வீடுகளில் யார் யார் பாலைக் குடித்து வளர்ந்தார்கள் என்று யாராவது கணக்கு வைத்தார்களா? அம்மா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனபோது உனக்குப் பால் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அக்கா. நீ செத்தா போனாய்? தாதியாகி என்னையே விசாரிக்க வந்திருக்கிறாய்.

நீதான் எழுதினாய், தாய்ப்பால்தான் மருந்து, டின் பால் போனால் குடல் அழுகும் என்று. தாய்ப்பால் என்றுதான் எழுதினாய். எந்தத் தாய் என்று எழுதவில்லை. அவன் எடை கூடியது அந்தப் பாலில்தானே? நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. இரண்டு பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று இந்த வருஷம் நோன்பு இருக்கப்போவதில்லை என்கிறாள். அவள் சாமியிடம் அவளே பேசிக்கொள்வாளாம்.

அவள் பேரை எங்கேயும் சொல்லாதே. அவளுக்குப் பெர்மிட் இல்லை. கூட்டி வந்த காண்ட்ராக்டர் பாஸ்போர்ட்டோடு ஓடிவிட்டான். புருஷன் வேறு தோட்டத்துக்குப் போனான், போன் நின்றுவிட்டது. பாயுவைக் கொங்சியில் பெற்றாள், ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுப்பார்கள் என்று. தோட்டத்து எல்லையைத் தாண்டி அவள் ரோட்டைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகிறது.

மோகனா


தாதியர் விடுதி
11 மார்ச் 2024

அக்கா,

இன்று காலை அவன் வயிறு வீங்கிவிட்டது. குழாயை இழுத்துப் பார்த்தால் பச்சையாக வருகிறது. பாலை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து ஏறுகிறது. உன் கடிதத்தை நான் அதற்குப் பிறகுதான் பிரித்தேன்.

அந்தப் பாலால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. பெற்றவள் பாலை மட்டும் குடித்த குழந்தைக்கும் இது வரும். இதை நம்பு. ஆனால் நான் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டருக்கு எதைத் தேடுவது என்று தெரிய வேண்டும். கர்ப்பத்தில் உனக்கு ரத்தம் எடுத்து எல்லா நோயும் பார்த்தார்கள். சுமியாத்திக்கு யார் பார்த்தார்கள்? பாலில் போகக்கூடிய கிருமிகள் உண்டு. அவளுக்கே தெரியாமல் அவள் உடம்பில் இருக்கலாம்.

சிஸ்டர் பாலேஸ்வரியிடம் சொன்னேன். பேர் சொல்லவில்லை. முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. வகுப்பில் பாட்டிலைத் தூக்கிக் காட்டியவர் அல்லவா. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். உட்காரச் சொன்னார். "கொக்கா பயந்ததுக்கு நீ ஒரு காரணம், நாங்கள் ஒரு காரணம். பால் குறைஞ்சா சொல்லுங்கோ எண்டு ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்ல," என்றார். கொக்கா என்று அவர் சொன்னது உன்னைத்தான். பிறகு டாக்டரிடம் அவரே போய்ப் பேசினார். அந்தப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார் டாக்டர். முடிவு தெரிந்தால் வேண்டாத மருந்தை நிறுத்தலாம், வேண்டியதைத் தொடங்கலாம்.

இங்கே கூட்டி வந்தால் கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்பார்கள். இல்லையென்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், அது அவர்களுக்கு உத்தரவு. அதனால் சிஸ்டரே ஒரு வழி சொன்னார். ரந்தாவில் தனியார் கிளினிக். அங்கே பேரும் காசும் போதும், ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். மாமாவிடம் உண்மையைச் சொல். அவரை வைத்து மோட்டாரில் கூட்டிப்போ. ஒரு தடவை போய் வந்தால் போதும்.

எங்களுக்கு மூன்று மாதமாகச் சொல்லிக்கொடுத்ததில், ரந்தாவ் ரோட்டில் ஒருத்தியை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்ற பாடம் இல்லை. நான் உன்னைக் கெஞ்சுகிறேன். அவளைக் கேள். மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே. ஆனால் கேள்.

புனிதா


ரந்தாவ்
13 மார்ச் 2024

புனிதா,

கேட்டேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. "பிள்ளைக்குன்னா வரேன்," என்றாள். இவ்வளவுதான் அவள் யோசித்தது.

நேற்று உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியது தான்தானே என்றார். பிறகு ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தார். பாயுவை என்னிடம் விட்டுவிட்டு இன்று காலை அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என் துப்பட்டாவைத் தலையில் சுற்றிவிட்டேன். கிளினிக்கில் ஒரு கேள்வியும் இல்லை. ஊசி, பஞ்சு, முடிந்தது.

திரும்பும் வழியில் செம்மண் பாதைக்குள் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட் பிளாக். போகும்போது இல்லை. லாரி ஒன்று நின்றது, இமிகிரேசன் ஆட்கள். உன் மாமா மோட்டாரைத் திருப்பப் பார்த்திருக்கிறார். அவள்தான் தோளைத் தட்டி, வேண்டாம் என்றாளாம். திருப்பினால் அவரையும் பிடிப்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. ரோட்டோரம் கை காட்டி லிஃப்ட் கேட்டேன், இந்த ஆளை யாரென்றே தெரியாது என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். அவர் ஐசி கார்டைப் பார்த்துத் திட்டி அனுப்பிவிட்டார்கள். அவளை லாரியில் ஏற்றினார்கள். கையில் பஞ்சு ஒட்டியபடியே இருந்ததாம்.

பாயு இங்கே இருக்கிறான். மதியத்திலிருந்து அலறுகிறான். டின் பால் கொடுத்தால் துப்புகிறான். அத்தை கதவைச் சாத்திவிட்டு, "இவன கொண்டு போயி குடுத்துரு, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல வயித்துக்கு எதாச்சும் பாரு," என்றார். வற்றிய மாரில் போட்டேன். கடித்து இழுத்தான். வலியில் கண் இருண்டது. விடவில்லை அவன்.

நீ சொன்ன ஒரு தடவை இதுதான்.

மோகனா


தாதியர் விடுதி
15 மார்ச் 2024

அக்கா,

கிளினிக்கிலிருந்து முடிவு வந்துவிட்டது. அவள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஒரு நோயும் இல்லை. சுத்தம்.

அந்தத் தாளை டாக்டர் வாங்கிப் பார்த்து ஃபைலில் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அங்கேயும் ஒரு குழந்தை நீலமாகிக்கொண்டிருந்தது.

உன் பிள்ளைக்கு வயிற்று வீக்கம் வற்றியிருக்கிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பால் தொடங்கலாம் என்கிறார்கள், உன் பால் மட்டும். எவ்வளவு குறைவாக இருந்தாலும் அனுப்பு. ஒரு ஸ்பூன் என்றாலும் அனுப்பு. மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் நாளே இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சிஸ்டர் பாலேஸ்வரியிடம் ரோட் பிளாக்கைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போடவில்லை. நான் செய்தது சரியான நடைமுறை என்றார். எனக்குத் தெரியும். நான் செய்தது எல்லாம் சரி, டாக்டர் கேட்டது சரி, சிஸ்டர் வழி சொன்னது சரி. எல்லாரும் சரியாகச் செய்து ஒருத்தியை லாரியில் ஏற்றிவிட்டோம். அடுத்த வாரம் இதை வகுப்பில் எடுத்துச் சொல்லச் சொல்கிறார். பேர் இல்லாமல். எந்த முகத்தோடு சொல்வேன்?

அவளை எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று மாமாவை விசாரிக்கச் சொல். பாயுவுக்கு அவள் வேண்டும். அவளுக்கும் மார் கட்டி, காய்ச்சல் வந்திருக்கும். அங்கே அவளுக்கு யார் பம்ப் கொடுப்பார்கள்?

புனிதா


ரந்தாவ்
17 மார்ச் 2024

புனிதா,

நேற்று முகாமுக்குப் போனோம். நானும்தான். உன் மாமா வேலை செய்யும் இடத்தில் ஒருத்தரிடம் வேன் கேட்டு வாங்கினார். அத்தை தடுக்கவில்லை. நான் செருப்பை மாட்டும்போது அலமாரி மேலிருந்து தண்ணீர் ஜக்கை எடுத்து என் கையில் கொடுத்து, "குடிச்சிட்டுப் போ. ரெண்டு பிள்ளைக்கு ஊத்தணும்னா தண்ணி வேணும்ல," என்றார். நான் நின்றபடியே முழுசையும் குடித்தேன்.

பாயுவை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பெற்றவளிடம் இருக்கட்டும், உள்ளே என்றாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். கேட்டில் காவலுக்கு இருந்தவன் சின்னப் பையன், மலாய்க்காரன், நோன்பில் உதடு காய்ந்திருந்தது. என்ன உறவு என்று கேட்டான். உன் மாமா மலாயில் சொன்னார், எங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் என்று. அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய் மாதிரிதான், அது அவனுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இருங்கள் என்று உள்ளே போனான். போகக் கூடாது போல. ஆனாலும் போனான்.

திரும்பி வரும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பொம்பளைக்குப் பிள்ளையே இல்லையாம். உங்களையும் யாருன்னு தெரியாதாம்," என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. கோபம்கூட வந்தது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான், உள்ளே பிள்ளைகளுக்கு இருமல், சொறி, படுக்க இடமில்லை என்று. சொல்லிவிட்டு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பாயுவைப் பார்த்தான்.

"இது யார் பிள்ளை, கக்?"

புனிதா, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நெஞ்சில் பாலைக் கட்டிக்கொண்டு எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே அவள் முடிவு பண்ணிவிட்டாள். நான் வேறு என்ன சொல்ல முடியும்?

"என் பிள்ளை," என்றேன்.

"அப்ப வெயில்ல வச்சிருக்காதீங்க. கொண்டு போங்க," என்றான். கொண்டுபோன துணிப் பையை மட்டும் வாங்கிக்கொண்டான். அவளிடம் போய்ச் சேருமா, தெரியாது. வேனில் ஏறியதும் பாயு விழித்துக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். உன் மாமா கண்ணாடியை ஏற்றினார். நான் கொடுத்தேன். பால் வருகிறது. மூன்று நாளாக இவன் இழுத்த இழுப்பில் வருகிறது. இன்று காலை ஒரு பக்கம் இவன் குடிக்க, மறுபக்கம் பம்பை வைத்தேன். பெட்டியில் இருப்பது அதுதான். மஞ்சள்தான், நிறத்தைப் பார்த்துக்கொள்.

அவளை எப்போது கப்பலேற்றுவார்கள், எந்த ஊருக்கு, இவனை எப்படி அவளிடம் சேர்ப்பது, ஒன்றும் தெரியவில்லை. பிறந்த தாள் இல்லாத பிள்ளை. இவனைக் காட்டி ஒரு இடத்தில் உதவி கேட்டால் அந்த இடத்திலேயே இவனைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவள் ஊர் பேரைக்கூட நான் ஒழுங்காகக் கேட்டு வைக்கவில்லை. ஒரு நாள் என்னைப் பிள்ளை திருடி என்று அவள் சொன்னால், அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

நாளை அதே வேனில் வருகிறேன். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ள நாற்காலி போட்டுத் தருவீர்கள் என்று உன் மாமா சொன்னார். எப்படி உட்கார வேண்டும், குழாய் இழுபடாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நீ பக்கத்தில் நின்று சொல். தொடாவிட்டாலும் சொல்லலாம்தானே.

ஆனால் பாயுவும் கூட வருவான். விட்டுவிட்டு வந்தால் பால் இல்லாமல் அலறுவான். வார்டுக்குள் அவனை விடமாட்டார்கள். வெளியே அத்தை வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். யார் கேட்டாலும் என் பிள்ளை என்றுதான் சொல்லப்போகிறோம். நாலு மாதப் பிள்ளை ஒன்றும், போன மாதம் ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை ஒன்றும் ஒரே வயிற்றில் எப்படி வரும் என்று உங்கள் வார்டில் ஒரு தாதியாவது விரல் விட்டு எண்ணுவாள். அதற்குத்தானே உங்களுக்குப் பயிற்சி. அவள் வந்து கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?

நாளைக்குள் யோசித்துச் சொல்.

மோகனா